பட்டமா, பதவியா, பள்ளியறைப் பணியா, நிலமா? பைசாந்திய அரண்மனையை நோக்கிய நான்கு வழிகள்

கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியப் பேரரசின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோரும், அதைக் களமாகக் கொண்டு புனைவு எழுத முனைவோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். புரோட்டோஸ்பதாரியோஸ், பத்ரிகியோஸ், மாகிஸ்த்ரோஸ், ஸ்த்ராத்தேகோஸ், லோகோதேத்தேஸ், பரகோய்மோமெனோஸ் என்று பெயர்கள் அடுக்கடுக்காக வருகின்றன. இவற்றுள் எது பெரியது, எதை அடைய ஒரு குடும்பம் தன் சொத்தைச் செலவிடும், தம் கதைமாந்தரை எந்த வழியில் அனுப்புவது என்ற முடிவுக்கு அவர்களால் வர முடிவதில்லை. பட்டியலை மனப்பாடம் செய்வதால் இந்தத் தயக்கம் தீராது. கையில் ஓரளவு பொன்னும் வளரும் பிள்ளைகளும் உள்ள ஒரு மாகாணக் குடும்பத்தின் இடத்தில் நம்மை வைத்துக்கொண்டு, அவர்கள் முன் இருந்த வழிகளை ஒன்றோடொன்று நிறுத்துப் பார்த்தால்தான் அந்த அமைப்பு விளங்கும். ஆறாம் லியோ அரியணை ஏறிய 886 முதல் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான காலத்துக்கே இந்த ஒப்பீடு பொருந்தும். அதற்குப் பின் நிலைமை அடியோடு மாறிவிட்டது.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 899ஆம் ஆண்டில் பிலோதியோஸ் என்ற அரண்மனை அலுவலர், பேரரசரின் விருந்துகளில் யாரை எந்த வரிசையில் அமர்த்துவது என்பதற்கான கையேடு ஒன்றைத் தொகுத்தார். விருந்தினரை இருக்கைக்கு அழைப்பதே அவருடைய பணியாக இருந்ததால், வரிசையில் நேரும் ஒரு பிழை ஒருவருடைய மானத்தையே குலைத்துவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அரண்மனைத் தகுதிகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். முதல் வகை, பேரரசர் தம் கையால் ஒரு சின்னத்தை அளித்து வழங்கும் பட்டம். ஸ்பதாரியோஸுக்குப் பொற்பிடி வாள், புரோட்டோஸ்பதாரியோஸுக்கு மணிகள் பதித்த பொற்கழுத்தணி, பத்ரிகியோஸுக்குத் தந்தப் பலகைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் உண்டு. இரண்டாவது வகை, பேரரசரின் வாய்மொழியால் மட்டும் அளிக்கப்படும் பதவி. சின்னத்தோடு வந்தது ஆயுள் முழுவதும் தங்கும். சொல்லால் வந்தது இன்னொரு சொல்லால் போய்விடும். கீழே வரும் கணக்குகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

## எவற்றைக் கொண்டு நிறுப்பது

முதல் அளவுகோல் பணம்: எவ்வளவு போட வேண்டும், ஆண்டுதோறும் எவ்வளவு திரும்பும். அக்காலத்துக் கணக்கு லித்ராவில் நடந்தது. ஒரு லித்ரா பொன்னுக்கு 72 நோமிஸ்மா நாணயங்கள். இரண்டாவது, பேரரசர் மாறினாலும், அவருடைய மனம் மாறினாலும் அது நிலைக்குமா என்பது. மூன்றாவது, பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமா என்பது. நான்காவது, உயிருக்கும் உடலுக்கும் உள்ள ஆபத்து. பெருமையைத் தனி அளவுகோலாக நான் வைக்கவில்லை. பைசாந்தியத்தில் பெருமை என்பது இருக்கை வரிசையிலும் சம்பளத்திலும் கண்ணுக்குத் தெரியும்படி கணக்கிடப்பட்டது. ஆகவே அது முதல் அளவுகோலுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

## பட்டம் வாங்குவது

பட்டங்கள் விலைக்குக் கிடைத்தன. இதை இன்றைய ஊழல் என்ற கண்ணால் பார்த்தால் பொருள் பிடிபடாது. கருவூலத்துக்குப் பொன் செலுத்திப் பட்டம் பெற்றவருக்கு ஆண்டுதோறும் ரோகா என்ற ஊதியம் வந்தது. அரசு முதலை வாங்கிக்கொண்டு ஆயுட்கால வருவாயைத் தந்த ஏற்பாடு என்று இதைக் கொள்வதே பொருத்தம். புரோட்டோஸ்பதாரியோஸ் பட்டத்தின் வழக்கமான விலை 12 முதல் 18 லித்ரா வரை. அதன் ரோகா ஆண்டுக்கு 1 லித்ரா. போட்ட முதல் திரும்பவே 12 முதல் 18 ஆண்டுகள் ஆகும் என்பதை உடனே காணலாம். பட்டம் பிள்ளைக்குச் செல்லாது. பெற்றவர் இறந்ததும் முதலும் அவரோடு முடிந்தது.

இந்தக் கணக்கின் எல்லையைக் காட்டும் நிகழ்வு ஒன்று ஆறாம் லியோவின் காலத்தில் நடந்தது; அதை அவருடைய மகன் ஏழாம் கான்ஸ்டன்டைனின் தொகுப்பே பதிவு செய்திருக்கிறது. க்தேனாஸ் என்ற வயது முதிர்ந்த பாதிரியார் பெருஞ்செல்வர், பாடுவதில் வல்லவர். புரோட்டோஸ்பதாரியோஸ் ஆகி, அதற்குரிய உடை உடுத்தி, அரண்மனையின் லவுசியாகோஸ் மண்டபத்தில் அமர வேண்டும் என்பது அவருடைய ஆசை. 40 லித்ரா தருவதாகச் சொன்னார். பாதிரியார் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெறுவது முறையன்று என்று பேரரசர் மறுத்தார். பிறகு 10 லித்ரா மதிப்புள்ள காதணிகளையும், பொன்னாலான விலங்குருவங்கள் பொருந்திய 10 லித்ரா மதிப்புள்ள வெள்ளி மேசையையும் க்தேனாஸ் சேர்த்துக் கொடுத்தார், சமோனாஸ் என்ற அண்ணகர் (ஆண்மைநீக்கம் செய்யப்பட்ட அரண்மனைப் பணியாளர்) இடைநின்று பேசினார், பேரரசர் இணங்கினார். மொத்தம் 60 லித்ரா, அதாவது 4,320 நோமிஸ்மா. பட்டம் பெற்றபின் க்தேனாஸ் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகள். அவருக்குத் திரும்பி வந்தது 2 லித்ரா. முதியவரின் வீண் ஆசை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அரண்மனையில் பாடியும் அங்கே அமர உரிமையற்று நின்ற ஒருவர், அந்த உரிமைக்கு என்ன விலை வைத்தார் என்பதையே அந்தத் தொகை சொல்கிறது.

மறைவான செலவுகளும் உண்டு. பட்டம் பெற்றவர் அரண்மனை அலுவலர்கள் பலருக்கு வழக்கப்படியான கட்டணங்களைச் செலுத்த வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பிலோதியோஸ் தம் கையேட்டிலேயே வரிசைப்படுத்தியிருக்கிறார். ரோகாவைப் பெறுவதற்கும் அரண்மனைக்கு வர வேண்டும். 950ஆம் ஆண்டில் இத்தாலியத் தூதர் லியுட்பிராண்ட் அந்த வழங்கலை நேரில் பார்த்து எழுதினார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரத்தில் ஏழாம் கான்ஸ்டன்டைன் நீண்ட மேசை ஒன்றில் பொன் பைகளை அடுக்கிவைத்துத் தம் கையாலேயே வழங்கினார். படைத் தலைவரும் கடற்படைத் தலைவரும் தங்கள் பைகளைத் தோளில் சுமக்க முடியாமல் பிறர் உதவியோடு இழுத்துச் சென்றார்கள். அடுத்து வந்த 24 மாகிஸ்த்ரோஸ்களுக்குத் தலைக்கு 24 லித்ரா, பத்ரிகியோஸ்களுக்கு 12 லித்ரா, அதன் கீழ் உள்ளோருக்கு அவரவர் படிக்கு ஏற்பக் குறைந்துகொண்டே 1 லித்ரா வரை. உயர்ந்தோருக்குப் பேரரசர் நேரே கொடுத்தார். மிகச் சிறிய தொகை பெறுவோருக்குப் பள்ளியறைப் பணியாளர்களின் தலைவரான பரகோய்மோமெனோஸ் கொடுத்தார். விலைக்கு எட்டிய கீழ்ப்பட்டங்களுக்கும் பேரரசரின் கையிலிருந்து வந்த மேல்பட்டங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த எண்களைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

அப்படியானால் பட்டம் யாருக்கு ஏற்றது? திருமணச் சந்தையில் நிற்கும் குடும்பத்துக்கு. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் அறிஞர் மிகாயேல் ப்செல்லோஸ் தம் வளர்ப்பு மகளுக்கு நிச்சயித்த 50 லித்ரா சீதனத்தில், மணமகனுக்குப் பெற்றுத் தந்த புரோட்டோஸ்பதாரியோஸ் பட்டம் மட்டும் 20 லித்ராவாகக் கணக்கிடப்பட்டது. வாரிசுக்குச் செல்லாத ஒன்றைச் சீதனமாக மாற்றி அடுத்த தலைமுறைக்குப் பயன்படுத்திக்கொள்ள இது ஒரு வழி.

## பதவி தேடுவது

வருவாயை மட்டும் பார்த்தால் பதவிக்கு நிகரில்லை. ஆறாம் லியோவின் காலத்தில் அனத்தோலிக்கோன், அர்மேனியாக்கோன், த்ராகேசியோன் ஆகிய மாகாணங்களின் ஸ்த்ராத்தேகோஸ்களுக்கு (மாகாணத்தின் படைத்தலைமையையும் ஆட்சியையும் வகித்தவர்களுக்கு) ஆண்டுக்கு 40 லித்ரா. அடுத்த நிலையில் உள்ளோருக்கு 30, அதன் கீழ் 20. ஆனால் மேற்கு மாகாணங்களின் ஸ்த்ராத்தேகோஸ்களுக்குக் கருவூலம் எதையும் தரவில்லை; அவர்கள் தங்கள் மாகாணத்து மக்களிடமிருந்தே வழக்கப்படியான வரவுகளைப் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே பதவிப்பெயர், கிழக்கில் சம்பளம், மேற்கில் வசூல். கதைமாந்தரை ஸ்த்ராத்தேகோஸ் ஆக்க நினைப்பவர் அவர் எந்த மாகாணத்தில் இருக்கிறார் என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். அவருடைய நேர்மையைப் பற்றிய பாதி விவரம் அதிலேயே அடங்கிவிடும்.

தலைநகரில் தூதர்களையும் அஞ்சலையும் கவனித்த லோகோதேத்தேஸ், நகரின் வணிகக் குழுக்களை ஆண்ட எபார்க்கோஸ், கருவூல எழுத்தர்கள், பேரரசரின் சிவப்பு மைக்கூட்டைக் காத்தவர் என்று குடிமைப் பதவிகள் பல இருந்தன. கல்வி பெற்ற, படைக்குப் போகாத மகனுக்கு அவையே ஏற்றவை.

ஆபத்து, பதவி சொல்லால் வந்தது என்பதிலேயே இருக்கிறது. யோவான்னேஸ் கூர்கூவாஸ் 22 ஆண்டுகள் கிழக்குப் படையின் தலைமையை வகித்து, மெலித்தேனேயை வென்று, எதெஸ்ஸாவைப் பணியவைத்தவர். அரண்மனைச் சூழ்ச்சியால் 944இல் நீக்கப்பட்டார். அவருக்குக் கிடைத்தது மென்மையான முடிவு. ஆந்த்ரோனிகோஸ் தூக்காஸ் என்ற தளபதி, கப்பலில் ஏறினால் தன் கண்கள் பறிக்கப்படும் என்ற இரகசியக் கடிதத்தை நம்பிக் கோட்டைக்குள் ஒதுங்கி, பின்னர் அரபியரிடம் தப்பிச் சென்று பக்தாதிலேயே இறந்தார். அந்தக் கடிதத்தின் பின்னால் இருந்தவர் க்தேனாஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த அதே சமோனாஸ் என்று வரலாற்றேடுகள் சொல்கின்றன. எதிர்த்திசையில், கடற்படைத் தலைவராக இருந்த ரோமானோஸ் லெகபெனோஸ் 919இல் அரண்மனைக்குள் புகுந்து 920இல் முடியே சூடிக்கொண்டார். இப்படிப்பட்ட ஏற்றம் நடக்கக்கூடியது என்பதாலேயே ஒவ்வொரு வெற்றித் தளபதியையும் அரண்மனை ஐயத்தோடு பார்த்தது. பேரரசரின் அருகில் தமக்காகப் பேச ஆள் இல்லாத குடும்பம், பெரிய படைப் பதவியை நாடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

## பள்ளியறைப் பணி

பேரரசரின் உறைவிடத்துப் பணிகள் அண்ணகர்களுக்கு உரியவை. பிலோதியோஸ் அவர்களுக்கென எட்டுப் பட்டங்களைத் தனியே வரிசைப்படுத்துகிறார். எபார்க்கோஸ், க்வாயெஸ்த்தோர் (நீதித்துறை அலுவலர்), தொமெஸ்திக்கோஸ் (படைப்பிரிவுத் தலைவர்) ஆகியவை நீங்கலாக மற்றப் பதவிகளையும் அவர்கள் வகிக்கலாம் என்கிறார். உறுப்புக் குறையுள்ளவர் முடி சூட முடியாது என்ற வழக்கமே அவர்களைப் பேரரசரின் நம்பிக்கைக்கு உரியவர்களாக்கியது. அவர்களுள் உச்சியில் இருந்தவர் பேரரசரின் படுக்கைக்கு அருகே உறங்கும் பரகோய்மோமெனோஸ்.

வருவாயும் செல்வாக்கும் வேறெங்கும் இல்லாத அளவு. மெலித்தேனேயிலிருந்து வந்த அரபியரான சமோனாஸ், சவூத்சேஸ் குடும்பத்தில் ஏவலராக இருந்து, அவர்களுடைய சதியை ஆறாம் லியோவிடம் சொல்லி அரண்மனைக்குள் நுழைந்தார். சில ஆண்டுகளிலேயே பத்ரிகியோஸ் ஆனார். ஏழாம் கான்ஸ்டன்டைனின் ஞானத்தந்தையும் ஆனார். ரோமானோஸ் லெகபெனோஸின் திருமண உறவுக்கு வெளியே பிறந்த மகன் பாசில் இன்னும் உயர்ந்தார். அவருக்காகவே 963இல் புரோயெத்ரோஸ் என்ற புதுப் பட்டம் உருவாக்கப்பட்டது. பேரரசர்கள் மாறிய போதும் அவர் 985 வரை ஆட்சியின் மையத்தில் இருந்தார். பப்லகோனியாவைச் சேர்ந்த யோவான்னேஸ் என்ற அண்ணகர் 1034இல் தம் தம்பியையே நான்காம் மிகாயேலாக அரியணையில் அமர்த்தினார்.

வீழ்ச்சியும் அதே வேகத்தில் வந்தது. சமோனாஸ் 908இல் மொட்டையடிக்கப்பட்டு மடத்துக்கு அனுப்பப்பட்டார். அவரே அரண்மனைக்குள் கொண்டுவந்த கான்ஸ்டன்டைன் என்ற அண்ணகர் அவருடைய இடத்தைப் பிடித்தார். பாசிலின் சொத்து பறிக்கப்பட்டது. யோவான்னேஸின் குடும்பம் 1042க்குள் சிதைந்தது.

ஆனால் இந்த வழியின் உண்மையான விலை இவை எதுவுமல்ல. பேரரசின் எல்லைக்குள் ஆண்மைநீக்கம் சட்டப்படி குற்றம். ஜஸ்டினியன் தம் 558ஆம் ஆண்டுச் சட்டத்தில், 90 பேருக்கு அதைச் செய்தால் 3 பேர்கூட அரிதாகவே பிழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். பின்னாளில் தேர்ந்த மருத்துவர்களிடம் இந்த விகிதம் மேம்பட்டிருக்கலாம்; ஆறாம் லியோவும் தண்டனையைக் குறைத்தார்; பப்லகோனியாவில் சில குடும்பங்கள் இதைத் தங்கள் பிள்ளைகளுக்கான வாழ்வழியாகவே கருதின. எப்படியிருந்தாலும் முடிவெடுப்பவர் தந்தை, உடல் சிறுவனுடையது. இந்த வழியைக் கணக்கில் முதலிடத்தில் வைத்துப் பேசும் நூல்கள் இந்தச் சிறுவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நகர்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. புனைவில் இவ்வழியைத் தேர்ந்தெடுப்பவர், அந்த வீட்டில் அந்த முடிவு எடுக்கப்பட்ட நாளையும் எழுத வேண்டும்.

## நிலம் வாங்கி ஊரிலேயே இருப்பது

நிலம் ஒன்றுதான் பிள்ளைக்குச் சேரும். தலைநகரின் சூழ்ச்சிகளிலிருந்து தொலைவும் அதிகம். 11ஆம் நூற்றாண்டில் தல்மாத்தியக் கடற்கரையின் ஆட்சியாளர் தோப்ரோனாஸ் பேரரசரைக் காணக் கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்று முதலில் பெரும் பரிசுகளோடு திரும்பினார். ஆசை பிடித்து மறுபடியும் மறுபடியும் சென்றபோது மதிப்பு குறைந்து, கடைசியில் ஊர் திரும்பவும் அனுமதியின்றிச் சிறையில் இறந்தார். அவருடைய நாடும் போயிற்று. மாகாணத்துப் பெரியவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொன்ன எச்சரிக்கைகளுள் இதுவும் ஒன்று.

எனினும் நிலத்துக்கும் பட்டத்துக்கும் இடையே ஒரு முரண் உண்டு. பலரும் தவறவிடும் செய்தி இது. 927–928ஆம் ஆண்டுக் கடுங்குளிரும் பஞ்சமும் சிறு குடியானவர்களைத் தம் நிலங்களை விற்கத் தள்ளின. 934இல் ரோமானோஸ் லெகபெனோஸ் வெளியிட்ட சட்டம், வலியோர் சிற்றூர் நிலங்களை வாங்குவதைத் தடுத்தது. பஞ்சத்தில் வாங்கியதைத் திருப்பித் தரவும் சொன்னது. வலியோர் யார் என்பதை அந்தச் சட்டம் மாகிஸ்த்ரோஸ், பத்ரிகியோஸ், பதவியில் இருப்போர் என்று தகுதிகளைக் கொண்டே வரையறுக்கிறது. ஆகவே பட்டம் வாங்கிய நாளிலிருந்து பக்கத்து வயலை வாங்கும் உரிமை கேள்விக்குள்ளாகிறது. இரண்டும் வேண்டுமென்றால் முதலில் நிலம், பிறகு பட்டம் என்ற வரிசையே பாதுகாப்பானது. அதுவும் முழுக் காப்பன்று: இரண்டாம் பாசிலின் 996ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பது ஆண்டு வைத்திருந்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்ற அனுபோக உரிமையையே இத்தகைய நிலங்களுக்கு ஒழித்தது. ஏழைக் குடியானவராகப் பிறந்து அரண்மனைப் பணியில் புரோட்டோவெஸ்தியாரியோஸ் (பேரரசரின் ஆடையறைத் தலைவர்) வரை உயர்ந்து, தம் ஊர் முழுவதையும் தம் பண்ணையாக்கிக்கொண்ட பிலோகாலேஸின் மாளிகையைப் பேரரசர் இடித்துத் தள்ளி, நிலத்தை ஊராருக்குத் திருப்பித் தந்து, அவரை மீண்டும் குடியானவராகவே ஆக்கினார் என்று அச்சட்டமே சொல்கிறது.

## அருகருகே

| வழி | வருவாய் | நிலைப்பு | வாரிசுக்கு | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| பட்டம் | புரோட்டோஸ்பதாரியோஸுக்கு 12–18 லித்ராவுக்கு ஆண்டுக்கு 1 லித்ரா | ஆயுள் முழுவதும் | இல்லை; சீதனமாக மட்டும் பயன்படும் | விரைவில் இறந்தால் முதல் முழுவதும் இழப்பு |
| பதவி | கிழக்கு ஸ்த்ராத்தேகோஸுக்கு 20–40 லித்ரா | பேரரசரின் ஒரு சொல் | இல்லை; குடும்பப் பெயர் மட்டும் வளரும் | ஐயம், நீக்கம், கண்பறிப்பு |
| பள்ளியறைப் பணி | மிக உயர்வு | பேரரசரின் நம்பிக்கை உள்ளவரை | பிள்ளை இல்லை. உடன்பிறந்தோருக்குப் பயன் | சிறுவனின் உயிரும் உடலும் |
| நிலம் | விளைச்சலைப் பொறுத்தது | தலைமுறைகள் தாண்டும் | உண்டு | வலியோர் மீதான சட்டங்கள் |

## எந்தச் சூழலில் எது

வாரிசு இல்லாத, வயதான, ரொக்கம் மிகுந்த ஒருவருக்குப் பட்டமே பொருந்தும். அவருக்கு முதல் திரும்பாதது இழப்பாகாது. பல பிள்ளைகள் உள்ள மாகாணக் குடும்பத்துக்கு நிலமும், பத்ரிகியோஸை எட்டாத கீழ்ப்பட்டம் ஒன்றும் சேர்ந்த வழியை நான் முன்வைப்பேன். பட்டம் அங்கே வருவாய்க்காக அன்று, உள்ளூர் வரி அலுவலர் வீட்டு வாசலில் நின்று யோசிப்பதற்காக. படிப்பில் தேர்ந்த மகன் ஒருவன் இருந்தால் அவனைத் தலைநகரின் எழுத்துப் பணிக்கு அனுப்பலாம். அங்கே வீழ்ச்சி வந்தாலும் பெரும்பாலும் மடத்தோடு முடிந்தது. படைப் பதவி, முன்பே படையில் பெயர் பெற்ற குடும்பங்களுக்கு மட்டுமே. பள்ளியறைப் பணியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; ஆனால் அரசியலை மையமாகக் கொண்ட கதைக்கு அதைவிட வளமான இடம் இல்லை என்பதையும் மறுக்க முடியாது.

கதை 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நடக்கிறது என்றால் மேலே உள்ள அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆதரவு திரட்டுவதற்காகப் பட்டங்கள் வாரி வழங்கப்பட்டன. ரோகா கொடுக்கக் கருவூலத்தில் பொன் இல்லை. மூன்றாம் நிகேபோரோஸின் காலத்தில் நோமிஸ்மாவில் இருந்த பொன் முன்பிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1070களில் புரோட்டோஸ்பதாரியோஸ் பட்டம் வாங்கிய ஒருவர், தம் தாத்தா வாங்கிய அதே பெயரை வாங்கினாரே தவிர அதே பொருளை வாங்கவில்லை. 1081இல் ஆட்சியைப் பிடித்த அலெக்சியோஸ் கொம்னெனோஸ், தம் அண்ணன் இசாக்கியோஸுக்காகச் செபஸ்தோக்ராத்தோர் என்ற பட்டத்தை உருவாக்கி அதை, அதுவரை பேரரசருக்கு அடுத்த நிலையில் இருந்த கைசர் பட்டத்துக்கும் மேலே வைத்தார். உயர்பட்டங்கள் அனைத்தும் அவருடைய இரத்த உறவுக்கும் மண உறவுக்கும் உரியவையாயின. அதற்குப் பிந்தைய களத்தில் கதைமாந்தரை உயர்த்த நினைப்பவர் அவரைப் பொன்னோடு கருவூலத்துக்கு அனுப்புவதில் பயனில்லை. கொம்னெனோஸ் குடும்பத்துப் பெண் ஒருத்தியை அவருக்கு மணம் பேசி முடிக்கும் வழியைத்தான் தேட வேண்டும்.